விளக்குமாறு தாண்டிய கல்யாணம்

எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று விமான நிலையத்தில் அதிகாரி கேட்டார். மகளுக்குக் கால் முறிந்துவிட்டது, சமைத்துக் கொடுக்க வந்திருக்கிறேன் என்றேன். அவர் என் பாஸ்போர்ட்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்களுக்குச் சமைக்கத் தெரியுமா?" என்றார். புட்டு அவிப்பேன் என்றேன். முத்திரை குத்திவிட்டார். மன்னிப்புக் கேட்கவும் வந்திருக்கிறேன் என்பதை எழுத அந்தப் படிவத்தில் இடம் இருக்கவில்லை.

வெளியே மருமகன் மார்கஸ் காத்து நின்றான். நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. என்னைவிட ஒரு முழம் உயரம். கையில் எனக்கென்று ஒரு தடித்த குளிர் அங்கி. "சாப்பிட்டீங்களோ?" என்று தமிழில் கேட்டான். மகள் ஆரணி சொல்லிக் கொடுத்திருக்கிறாள். நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் என் வலது கால் தானாகவே பிரேக்கை மிதிக்கத் தொடங்கியது, என் பக்கத்தில் பிரேக் இல்லாவிட்டாலும். இரண்டு கிழமைக்கு முன்னர் விட்பியில் சிநேகிதி வீட்டிலிருந்து திரும்பும்போது ஆரணியின் கார் உறைபனியில் சறுக்கி, மூன்று சுற்றுச் சுற்றித் தடுப்பில் மோதியது. மார்கஸ் எனக்கு அழைத்த நேரம் நான் யாரோ இரண்டு பேரின் விவாகச் சான்றிதழுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வருடமாக யாழ்ப்பாணத்தில் கச்சேரிக்கு, அதாவது அரச செயலகத்துக்கு, எதிரே ஒரு சின்ன அறையில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். பிறப்பு, இறப்பு, விவாகம். அன்று அந்த முத்திரை தலைகீழாக விழுந்தது.

மன்னிப்புக் கதையை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எட்டு மாதத்துக்கு முன்னர் ஆரணிக்கும் மார்கஸுக்கும் ரொறொன்ரோவில் கல்யாணம் நடந்தது. நாங்கள் போகவில்லை. விசா எடுக்க நேரம் போதவில்லை என்று எல்லோருக்கும் சொன்னோம். நேரம் இருந்தது, எனக்கு விசாவும் வந்திருந்தது. கல்யாணத்தன்று கொக்குவிலில் எங்கள் வீட்டில் சொந்தக்காரர் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்துவைத்து வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டிருந்தோம். மார்கஸின் முன்னோர் அமெரிக்காவில் அடிமைகளாக இருந்து தப்பி, ஆறு கடந்து, ஒன்ராறியோவின் தென்மேற்கில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். கல்யாண முடிவில் மணமக்கள் கைகோத்து ஒரு விளக்குமாற்றைத் தாண்டுவது அவர்கள் குடும்பத்து வழக்கம். இதை ஆரணி எனக்கு முன்பே எழுதியிருந்தாள். நான் சரியாக வாசிக்கவில்லை.

திரையில் மார்கஸின் தாய் விளக்குமாற்றைக் கொண்டுவந்து நிலத்தில் வைத்தார். யாழ்ப்பாணத்தில் விளக்குமாறு யார் கையில் இருக்கிறது என்பதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. எல்லோரும் அதைத்தான் நினைக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. யாராவது வாய் திறப்பதற்கு முன்னர் நானே திறந்தேன்.

"கூறையும் தாலியும் கொண்டருவினம் எண்டு பாத்தா, மாப்பிளை பகுதி விளக்குமாறெல்லோ கொண்டந்திருக்கு! என்ர பிள்ளைக்கு இனி முற்றம் கூட்டுற உத்தியோகம்தான்!"

அறை வெடித்துச் சிரித்தது. நானும்தான். அங்கே எங்கள் குரல் மண்டப ஒலிபெருக்கியில் போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. தாண்டப்போன மகள் நின்று போனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தாண்டினாள். அன்றிலிருந்து என்னோடு பேசுவதென்றால், "ஓம்", "இல்லை", "அம்மாட்டைக் குடுங்கோ."

அம்மா, அதாவது என் மனைவி சறோ, அன்று சிரிக்கவில்லை. குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். முழங்கால் வலியால் பயணம் வர முடியாதவள், என்னை அனுப்பும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்: "மன்னிப்புக் கேக்காமல் திரும்பி வராதேங்கோ."

மகளின் வீடு மோர்னிங்சைட்டில் ஒன்பதாவது மாடியில். கதவைத் திறந்ததும் எதிர்ச் சுவரில் அந்த விளக்குமாறு. பிடியில் வெள்ளை நாடா, காய்ந்த பூ. கீழே சோபாவில் ஆரணி, மாவுக்கட்டுப் போட்ட காலை மேசையில் நீட்டிக்கொண்டு. மெலிந்துபோயிருந்தாள். "வாங்கோ அப்பா. குளிரோ?" என்றாள். எட்டு மாதத்தில் அதுதான் நீளமான வசனம். நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. குளிர் இல்லை என்றேன். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் புட்டு அவித்தேன். இங்கே வறுத்த அரிசிமா பையில் வருகிறது, தேங்காய்ப்பூ உறைந்த கட்டியாக வருகிறது. கட்டியை உடைக்கச் சுத்தியல் தேடினேன். மைக்ரோவேவில் வைக்கலாம் என்று மார்கஸ் காட்டித்தந்தான். மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டான். ஆரணி பாதியில் தட்டைத் தள்ளினாள். "நல்லாயிருக்கு, பசியில்லை." சறோ போனில், "கேட்டாச்சோ?" என்றாள். இன்னும் இல்லை என்றேன்.

மூன்றாம் நாள், இங்கே குடியிருக்கிற எங்கள் ஊர் சிவலிங்கம் அண்ணையும் மனைவியும் நோயாளி பார்க்க வருவதாகச் சொன்னார்கள். ரோல்ஸ் வாங்கிவரலாமென்று நான் தனியாகப் பஸ்ஸில் கிளம்பினேன். என்னுடைய தரிப்பு வந்தது, போனது. பஸ் நிற்கவில்லை. எழுந்து நின்று ட்ரைவரைப் பார்த்துக் கை காட்டினேன். பின்னால் இரண்டு பெண்கள் தமிழில் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"உவர் ஆருக்குக் கை காட்டுறார்?"

"ஊரிலயிருந்து புதுசா வந்தவர் போல. பஸ்ஸை நிப்பாட்டக் கயிறு இழுக்கோணும் எண்டு தெரியேல்லை."

"ஜக்கெற்றைப் பார். மூண்டு பேர் உள்ளுக்கு இருக்கலாம்."

"அண்ணை, அந்த மஞ்சள் கயிறை இழுங்கோ! இல்லாட்டி பிக்கரிங்குக்குத்தான் போவியள்!"

இழுத்தேன். இரண்டு தரிப்புத் தாண்டி இறங்கிப் பனிச்சேற்றில் திரும்பி நடந்தேன். கடையில் ஆட்டிறைச்சி ரோல்ஸ் சூடாக இருந்தது. ஒன்றை அங்கேயே நின்று தின்றேன். யாழ்ப்பாணத்தில் வாங்குவதைவிட ருசியாக இருந்ததை சறோவிடம் சொல்லப்போவதில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஆரணி அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். விருந்தினர் வர அரைமணி நேரம். சுவரைப் பார்த்தேன். சிவலிங்கம் அண்ணையின் மனைவி கண்ணில் இது பட்டால், கதை அன்றைக்கே கொக்குவிலுக்குப் போய்விடும். நோயாளி இருக்கிற வீட்டில் கதவுக்கு நேரே விளக்குமாறு நல்லதல்ல என்று எனக்கு நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன். கழற்றினேன். வாசலுக்குப் பக்கத்தில் அங்கிகள் தொங்கவிடும் அலுமாரிக்குள், உடுப்புகளுக்குப் பின்னால் நிறுத்திவைத்தேன். எதற்கு மன்னிப்புக் கேட்க வந்தேனோ அதையே திரும்பச் செய்கிறேன் என்று அந்த நிமிடம் தோன்றவில்லை. அவ்வளவு இயல்பாகக் கை செய்துவிட்டது.

விருந்தினர் வந்தார்கள். ஆரணியும் ஊன்றுகோலோடு வந்து சோபாவில் உட்கார்ந்தாள். அவளுடைய கண் முதலில் போனது சுவரில் இருந்த ஆணிக்கு. குளிர்நாட்டில் வீட்டுக்கு வருபவர்கள் முதலில் என்ன செய்வார்கள் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். சிவலிங்கம் அண்ணையின் மனைவி தன் அங்கியைக் கழற்றித் தொங்கவிட அலுமாரியைத் திறந்தார். விளக்குமாறு சரிந்து அவருடைய காலில் விழுந்தது.

"சீ! முருகா! வந்ததும் வராததுமா விளக்குமாறு காலில விழுது! உதைக் குசினிப் பக்கம் வைக்கக் கூடாதோ பிள்ளை?"

"அது என்ர கலியாண விளக்குமாறு அன்ரி," என்றாள் ஆரணி. "சுவரில இருந்தது. அப்பா கழட்டி வைச்சிட்டார்."

சிவலிங்கம் அண்ணை ரோல்ஸ் தட்டைப் பார்த்து, "உது ஆட்டிறைச்சியோ, கோழியோ?" என்று கேட்டார். நல்ல மனிதர். அவர்கள் இருபது நிமிடம் இருந்தார்கள். போனபிறகு நான் விளக்குமாற்றைத் திரும்ப ஆணியில் மாட்டினேன். கோணலாக இருந்தது. நேராக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நாலாம் நாள் காலை அவள் என்னை மேசைக்குக் கூப்பிட்டாள்.

ஆரணி ஒரு நூலகத்தில் பழைய புத்தகப் பகுதியில் வேலை செய்கிறாள். கால் ஆறும்வரை வீட்டிலிருந்து. அங்கே ஒரு கண்காட்சி வரப்போகிறது: அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களின் கல்யாணங்களையும் கொண்டாட்டங்களையும் அந்தக் காலத்துப் புத்தகங்கள் எப்படிச் சித்திரமாகப் போட்டன என்பது. தமிழர் நிறைய இருக்கிற ஸ்காபரோவுக்கும் போவதால் விளக்கங்கள் தமிழிலும் வேண்டும். ஏற்கெனவே யாரோ செய்த மொழிபெயர்ப்பு அவளுக்குத் திருப்தியாக இல்லை.

"நீங்கள் பாருங்கோ அப்பா. தொழில்தானே."

முதல் படம் ஒரு பிரயாணப் புத்தகத்திலிருந்து. கரும்புத் தோட்டத்தில் கிறிஸ்மஸ் ஆட்டம். முகமூடி, மேளம், பறக்கிற பாவாடைகள். எழுதியவர் அங்கே விருந்தாளியாகச் சில கிழமைகள் தங்கியவராம். மேளக்காரனுக்கு ஒரு கையில் ஆறு விரல் வரைந்திருந்தது. மேளத்தின் கயிறுகளோ எண்ணக்கூடியதாக இருந்தன.

இரண்டாவது, கல்யாணம். ஒரு தோட்டக்காரர் வீட்டு முற்றம். பெண்ணும் மாப்பிள்ளையும் விளக்குமாற்றுக்கு மேலே, காற்றில். பெண்ணுக்கு எசமானியின் பழைய சட்டை, தோளில் நழுவிக் கிடக்கிறது. வாய் காதுவரை கிழிந்ததுபோல் திறந்திருக்கிறது. சுற்றி நிற்கிற அவர்களுடைய ஆட்கள் அத்தனை பேருக்கும் ஒரே முகம். வராந்தாவில் நாற்காலி போட்டு எசமான் குடும்பம். அவர்களில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு முகம். ஒருவருக்குக் கண்ணாடி, ஒருத்திக்கு மூக்கில் மச்சம்கூட இருக்கிறது. விளக்குமாற்றை வரைந்தவர் அக்கறையாகத்தான் வரைந்திருக்கிறார், ஈர்க்கு ஈர்க்காக.

"இதில ஆர் சிரிக்கினம் எண்டு எண்ணுங்கோ," என்றாள்.

வராந்தாவில் ஏழு பேர் என்றேன். பெண்ணையும் மாப்பிள்ளையையும் சேர்த்தால் ஒன்பது.

"அவையள் ரெண்டு பேரும் சிரிக்கேல்லை. அது கீறினவன்ர சிரிப்பு. அவையின்ர முகத்தில கொண்டுபோய் ஒட்டியிருக்கிறான்."

நான் அந்த வராந்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர்ச் செம்பில் போனைச் சாய்த்துவைத்த எங்கள் மேசையும், சுற்றியிருந்த நாற்காலிகளும் நினைவில் வந்தன. வேறொன்றும் வந்தது. என் கல்யாண அல்பத்தில், பந்தலுக்கு வெள்ளைத் துணி கட்டிய சலவைக்காரர் ஒரு படத்தின் ஓரத்தில் பாதி முகத்தோடு நிற்கிறார். முப்பது வருடம் எங்கள் வீட்டுக்கு வந்துபோனவர். பெயரை நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. எங்கள் பக்கத்துப் பழைய உறுதிப் பத்திரங்களில் காணியோடு அடிமை ஆட்களும் எழுதப்பட்டிருப்பதை நானே வாசித்திருக்கிறேன். மேளக்காரனுக்கு ஆறு விரல் வரைந்தவரைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் தகுதியில்லை.

விளக்கத்தை மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். இந்தக் கல்யாணங்களைச் சட்டம் கல்யாணமாக எண்ணவில்லை. அவற்றுக்கு என் மேசைக்கு வருவதுபோல ஒரு தாளும் இல்லை. சில இடங்களில் பாதிரியார் சத்தியத்தையே மாற்றினாராம், சாவு பிரிக்கும்வரை என்பதை, சாவோ தூரமோ பிரிக்கும்வரை என்று. தூரம் என்றால் விற்பனை. ஒருவரை வேறு தோட்டத்துக்கு விற்றால் கல்யாணம் முடிந்தது. முன்னைய மொழிபெயர்ப்பாளர் "தூரம்" என்பதை விட்டுவிட்டிருந்தார், பிழை என்று நினைத்திருப்பார். நான் திரும்பச் சேர்த்தேன். ஆயிரக்கணக்கான விவாகச் சான்றிதழ்கள் என் கையால் போயிருக்கின்றன. மகளுடையதை நான் கேட்டு வாங்கிப் பார்க்கவேயில்லை.

"விளக்குமாறு எண்டே போடட்டோ? இவர் துடைப்பம் எண்டு போட்டிருக்கிறார்," என்று கேட்டேன்.

"நீங்கள் அண்டைக்குச் சொன்ன சொல்லையே போடுங்கோ."

பேனையை வைத்துவிட்டேன். "பிள்ளை, அண்டைக்கு நான்…"

"மன்னிப்புக் கேக்க வேண்டியது என்னட்டை இல்லை அப்பா," என்று தடுத்தாள். "நான் உங்கட பிள்ளை, எப்பிடியும் சமாளிப்பன். மாமி அந்த மண்டபத்தில நிண்டவ. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறா." இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்திவிட்டாள். எதை நிறுத்தினாள் என்று ஞாயிற்றுக்கிழமைதான் விளங்கியது.

மார்கஸின் தாய் பியூலா பிக்கரிங்கில் ஒரு சிறு வீட்டில் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஓய்வுபெற்ற தாதி. வழியெல்லாம் ஆங்கிலத்தில் நாலு வசனம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். மேசையில் பொரித்த கோழி, உருளைக்கிழங்குச் சாலட், வற்றாளங்கிழங்கில், அதாவது சர்க்கரைவள்ளியில், 'பை' என்கிற ஒரு இனிப்பு. எங்களுக்குக் காலைச் சாப்பாடாக அவித்துத் தின்னும் கிழங்கு இங்கே கறுவாப்பட்டையும் சீனியும் போட்டுக் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி வந்திருந்தது. இரண்டாம் துண்டும் கேட்டு வாங்கினேன். பயத்தில் எனக்குப் பசி கூடும்.

வாய் துடைத்துக்கொண்டு நான் தொடங்கப் போனேன். அவர் முந்திக்கொண்டார்.

"உங்களுக்கு நன்றி சொல்ல எட்டு மாதமாகக் காத்திருக்கிறேன்," என்றார். "அன்றைக்கு உங்கள் வீடு முழுக்கச் சிரித்தது. நான் ஆரணியிடம் கேட்டேன், என்ன சொல்கிறார் உன் அப்பா என்று. எங்கள் ஊரில் மகளைச் சிரித்துத்தான் வழியனுப்புவார்கள், 'உயரத் தாண்டு மகளே' என்கிறார் என்றாள்."

நான் ஆரணியைப் பார்த்தேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மார்கஸ் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான், அவனுக்குத் தெரியும். கல்யாணச் சட்டையோடு, அத்தனை பேருக்கு நடுவில், என் மகள் ஒரு நொடியில் எனக்காகப் பொய் மொழிபெயர்ப்புச் செய்திருக்கிறாள்.

பியூலா எழுந்துபோய்த் தடித்த வேதாகமம் ஒன்றைக் கொண்டுவந்தார். முன்பக்கங்களில் அவர்கள் குடும்பத்துக் கல்யாணங்கள் எல்லாம் கையால் எழுதப்பட்டிருந்தன. முதல் இரண்டு பெயர்கள் ஆறு கடந்து வந்தவர்களுடையவை, குடும்பப்பெயர் இல்லாமல். கடைசியில் மார்கஸ், ஆரணி. பக்கத்தில் இடம் விட்டிருந்தது.

"நீங்கள் சொன்னதை உங்கள் எழுத்தில் எழுதுங்கள்," என்று பேனையை நீட்டினார்.

பேனையை வாங்கினேன். அந்த நாலு வசனத்தைச் சொன்னால் மகள் பொய் சொன்னவளாகிறாள் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று இப்போதும் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் எனக்கு வாய்ப்பாக இருந்தது. "உயரத் தாண்டு மகளே" என்று அழகான எழுத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இருபத்தாறு வருடத்தில் நான் பொய்யென்று தெரிந்து ஒப்பமிட்ட முதல் தாள் அது. பியூலா மை காயும்வரை மூடாமல் வைத்திருந்தார்.

திரும்பும் வழியில் கார் நெடுஞ்சாலையில் ஏறியது.

"நல்ல கையெழுத்து அப்பா," என்றாள் ஆரணி முன்சீட்டிலிருந்து, திரும்பாமல்.

"நீ ஏன் எனக்கு முன்னமே சொல்லேல்லை?"

"வெக்கமா இருந்தது. நீங்கள் சொன்னதை இங்கிலிஷில எப்பிடி அப்பா நான் சொல்லுறது? அவவின்ர முகத்தைப் பாத்துக்கொண்டு?"

கொஞ்சத் தூரம் போனபின் கேட்டேன்: "இப்ப நான் சொன்னா, உன்னை ஏதும் நினைப்பாவோ?"

"நினைக்கட்டும்."

"மார்கஸ்," என்று ஆங்கிலத்தில் கூப்பிட்டேன். "தயவுசெய்து காரைத் திருப்பு."

அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். அடுத்த வெளிவழியில் சிக்னல் போட்டான்.

பியூலா கதவைத் திறந்தபோது, எதையாவது விட்டுவிட்டுப் போனோமா என்று மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மனப்பாடம் செய்த நாலு வசனத்தையும் விட்டுவிட்டேன். படியில் நின்றபடி அன்றைக்குச் சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னேன், நீதிமன்றத்துக்குச் செய்வதுபோல, கூட்டாமல், குறைக்காமல். கூறைச் சேலை என்றால் என்ன என்று விளக்கினேன். முற்றம் கூட்டுகிற உத்தியோகம் என்று எங்கள் ஊரில் ஒருவர் சொன்னால் என்ன அர்த்தம் என்பதையும் விளக்கினேன். அதுதான் சொல்லக் கடினமாக இருந்தது. எல்லோரும் ஏன் சிரித்தார்கள், நான் ஏன் முந்திக்கொண்டேன் என்பதைச் சொன்னேன். ஆரணி என்னைக் காப்பாற்றுவதற்குச் சொன்னாள், பிழை என்னுடையது, என்னை மன்னியுங்கள் என்றேன்.

அவர் முழுதும் கேட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"உங்கள் மொழி எனக்குத் தெரியாது," என்றார். "அந்தச் சிரிப்பைத் தெரியும். ஆரணி அவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்னாள், அதனால் நம்பினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்."

அவருக்குப் பின்னால் மேசையில் வேதாகமம் அப்படியே திறந்து கிடந்தது. கதவு வழியாகக் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. காரில் ஆரணி கண்ணாடியை இறக்கிவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீடு குளிர்கிறது," என்றார் பியூலா. "உள்ளே வருவதானால் வாருங்கள். அந்தப் பக்கத்தை என்ன செய்வதென்று இருந்து யோசிக்க வேண்டும்."

பனிச் சப்பாத்துகளைக் கழற்றக் குனிந்தேன். விரல் விறைத்துப்போயிருந்தது, நாடா அவிழவில்லை. நான் அவிழ்த்து முடிக்கும்வரை அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதவிக்குக் குனியவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை.